டர்போ மீது விழுந்த பழி

பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்று, பத்திரிகைப் பணிமனை மேசையருகே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். மோட்டார் வாகனத்தின் பொனட்டைத் திறந்தால் எங்கே தண்ணீர் ஊற்றுவது, எங்கே ஒயில் ஊற்றுவது என்பதற்கு அப்பால் நீண்டகாலம் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. இத்தகைய ஒருவன், டர்போ பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஏன் வலுவிழக்கின்றது என்று எழுதப் புறப்படுவது சிலருக்கு நகைப்பை வரவழைக்கக்கூடும். ஆயினும் எழுதியே தீரவேண்டியிருக்கின்றது. ஏனெனில், விசாரணையே நடத்தாமல் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்புக்காக என் குடும்பத்தில் ஒருவன் பெருந்தொகையைத் தண்டமாகச் செலுத்தியிருக்கின்றான்.

என் தங்கையின் மகன் கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுபவன். சிறுவயது முதலே அவனுக்கு சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். என்றால் உயிர். 1995ஆம் ஆண்டு கொலின் மெக்ரே உலக ரலி சம்பியன் பட்டத்தை இம்பிரெசா காரில் வென்றபோது இவன் பிறந்திருக்கவேயில்லை. ஆனாலும் அந்த நீல நிறக் காரின் படம் இவனுடைய அறைச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கியது. சேமிப்புடன் கடனையும் சேர்த்து, தொண்ணூறுகளின் இறுதியில் யப்பானில் தயாரிக்கப்பட்ட ஒரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரை அவன் வாங்கினான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பழைய கார் என்பது நம் நாட்டில் ஆடம்பரமாக இருக்கவில்லை. காணி உறுதி போலப் பேணப்படும் சொத்தாக மாறியிருந்தது.

கடந்த ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் குடும்பமாக நுவரெலியா புறப்பட்டோம். கம்பளை வரை கார் தேர் போல ஓடியது. புசல்லாவை தாண்டி றம்பொடை ஏற்றத்தில் திடீரென்று இழுவை குறைந்தது. அக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. மரக்கறி லொறி ஒன்று எங்களை முந்திச் சென்றபோது மருமகனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்புறம் கறுப்புப் புகை. பெற்றோல் மணம். எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியவில்லை.

கொழும்பு திரும்பியதும் அவன் காரை ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றான். பொனட்டைத் திறந்து பார்த்த கால்மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது: "டர்போ போய்விட்டது." மாற்றுவதற்கான செலவு அவனுடைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேலாக இருந்தது. கடன்காரனாகிவிட்டவன் புதிதாக எங்கே கடன் கேட்பது? மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. வேறொரு டர்போ பூட்டப்பட்டது. இரண்டு நாட்கள் சற்றுத் தேவலை போலிருந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாயிற்று. மீண்டும் கராஜுக்குப் போனபோது, இம்முறை குற்றவாளி காரின் கணினி என்றார்கள். அதையும் மாற்றவேண்டுமாம்!

அப்போதுதான் விடயம் என் காதுக்கு வந்தது. பஞ்சிகாவத்தைப் பக்கம் சிறிய கொட்டில் ஒன்றில் தொழில் செய்யும் வயதான முஸ்லிம் பெரியவர் ஒருவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். எல்லோருக்கும் அவர் 'நானா'தான். மருமகனை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

நானா பொனட்டைத் திறக்கவில்லை. முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். "எப்ப இழுக்குதில்ல மகன்? ஏறக்கொள்ள மட்டுமா, சமனிலயும் அப்படியா? புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா? மிதிக்கக்கொள்ள என்ன சத்தம் வருது? எந்தப் பெற்றோல் அடிக்கிற?" ஒரு நல்ல செய்தியாளன் சம்பவ இடத்தில் கேட்கும் கேள்விகளுக்கு இவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. மிதிக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருவதாக மருமகன் சொன்னான். முதலில் போன இடத்தில் இதை எவரும் கேட்கவில்லையாம்.

அந்தக் கேள்விகளின் பொருளை நானா பின்னர் எனக்கு விளக்கினார். நான் புரிந்துகொண்ட அளவில் இங்கு தருகின்றேன்.

டர்போ என்பது அடிப்படையில் மிக எளிய பொருள். ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். எஞ்சினை விட்டு வெளியேறும் வெப்பப் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகின்றது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம், வலு கூடும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கும் மேல் சுழல்கின்றது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மாத்திரமே.

மலையேற்றத்தில் எங்களைக் கைவிட்ட இந்தக் கருவியின் பெருமையே மலையை வென்றதுதான் என்பது விந்தை. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமையைப் பெற்றார். உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைந்து விமான எஞ்சின்கள் சோர்ந்துபோயின. 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்ஃபோர்ட் மொஸ் ஒரு விமான எஞ்சினை ஏறத்தாழ 14,000 அடி உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று, டர்போவின் துணையுடன் அது தரைமட்டத்தில் தரும் வலுவை அங்கேயும் தரச்செய்தார். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கு அளவே. சாதாரணக் கார் அங்கே சற்றுத் திணறுவது இயல்பு. டர்போ கார் திணறினால் எங்கோ காற்று தவறிப் போகின்றது என்று சந்தேகிக்க இடமுண்டு.

காற்று தவறிப் போவதிலும் இரண்டு வகை உண்டு என்றார் நானா. டபிள்யூ.ஆர்.எக்ஸ். போன்ற காரில் உள்ளே போகும் காற்றை முதலில் ஒரு சென்சர் அளக்கின்றது. அந்த அளவை நம்பியே கணினி பெற்றோலைத் தெளிக்கின்றது. சென்சருக்கும் டர்போவுக்கும் இடையே குழாய் கிழிந்திருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். காற்றுக்குப் பெற்றோல் போதாது. எஞ்சின் சூடேறி ஆபத்தாகும். மாறாக, டர்போவுக்குப் பின்னால் குழாய் கிழிந்திருந்தால், கணக்கில் எழுதப்பட்ட காற்று எஞ்சினைச் சென்றடையாமல் வழியிலேயே வெளியேறிவிடும். பெற்றோல் மிஞ்சும். மிஞ்சிய பெற்றோல் கறுப்புப் புகையாக வெளிவரும். களஞ்சியப் புத்தகத்தில் நூறு மூடை அரிசி என்று பதிந்துவிட்டு, வழியில் முப்பது மூடை காணாமற் போனால் என்னவாகுமோ அதுதான்.

புகையின் நிறம் இவ்வளவு பேசுகின்றது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகின்றது. டர்போவின் சீலையோ எஞ்சினின் ரிங்கையோ சந்தேகிக்கலாம். குளிர்ந்த காலை நேரத்து ஆவியல்லாத, ஓயாத வெள்ளைப் புகை என்றால் குளிரூட்டும் நீர் எரிகின்றது. எங்கள் காரின் புகை கறுப்பு. டர்போவைக் குற்றம் சாட்டுவதற்கு முன்னர் வேறு சாட்சிகளை விசாரிக்க அந்த ஒரு தகவலே போதுமாயிருந்தது.

நானா அழுத்தமானி ஒன்றைப் பொருத்திக் காரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். முள் ஏறவேண்டிய அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. திரும்பி வந்து, எஞ்சின் ஆறும்வரை தேநீர் குடித்தார். பின்னர் டர்போவுக்குள் காற்று நுழையும் வாயை அடைத்து, அதனூடாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, குழாய் இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவினார். சைக்கிள் டியூபில் ஓட்டை பார்ப்பதுபோல! எஞ்சினின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தடித்த இறப்பர்க் குழாய் ஒன்றின் கீழ்ப்புறத்திலிருந்து குமிழ்கள் கிளம்பின. இரண்டங்குல வெடிப்பு. சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும்; அழுத்தம் ஏறும்போது வாய் திறக்கும். ஏறத்தாழ முப்பதாண்டுகள் எஞ்சின் சூட்டில் வெந்த இறப்பர் வேறு என்னதான் செய்யும்?

புதிய குழாய், இரண்டு ஹோஸ் கிளிப். எல்லாமாகச் சில ஆயிரம் ரூபா. கார் பழையபடி இழுத்தது.

முதலில் பார்த்த கராஜ்காரர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் கூறவரவில்லை. கழற்றிய டர்போவை அவர்கள் திருப்பித் தரவில்லை, மருமகனும் கேட்கவில்லை. அது உண்மையிலேயே பழுதாகியிருந்ததா என்பதை இனி எவராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். அவர்கள் தேடவில்லை. பெயர் பெற்ற சந்தேகநபர் ஒருவர் கையருகே இருந்தார். அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் பத்திரிகையாளனாக வாழ்ந்த எனக்கு இந்த நடைமுறை ஒன்றும் புதிதல்ல.

கணினியைப் பொருத்திப் பார்த்தோம், குறியீடு வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பிந்திய காலக் கார்களில் 'பி 0299' என்றொரு குறியீடு வரும். டர்போவின் அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்குக் குறைவு என்பதே அதன் பொருள். டர்போ பழுது என்பதல்ல. கிழிந்த குழாயாலும், ஒட்டிக்கொண்ட வால்வாலும் அதே குறியீடு வரலாம். குறியீடு என்பது சாட்சியின் வாக்குமூலம். அதைத் தீர்ப்பாக வாசிப்பவர் நீதிபதியாகவும் இருக்க முடியாது, மெக்கானிக்காகவும் இருக்க முடியாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. டர்போ உண்மையிலேயே செத்திருந்தாலும்கூட, பெரும்பாலும் அது தானாகச் சாவதில்லை. ஒயில் உரிய நேரத்தில் மாற்றப்படாமல் கரியாகி வழியை அடைத்திருக்கலாம். ஒயில் குழாயில் தடை இருந்திருக்கலாம். எயார் பில்டர் கிழிந்து தூசியும் துகளும் உள்ளே போயிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய டர்போவைப் பூட்டினால், பழையதைக் கொன்றது எதுவோ அதுவே புதியதையும் கொல்லும்.

வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கின்றது. டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று 1962ஆம் ஆண்டின் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். எஞ்சினுக்குள் எரிபொருள் உரிய தருணத்துக்கு முன் வெடிப்பதைத் தடுக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை அதற்குத் தனித் தாங்கியில் ஊற்றவேண்டும். அந்தத் தாங்கி வரண்டுவிட்டால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் கார் தானாகவே டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். பலர் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். கார் இழுக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தக் காரின் கதை முடிந்தது. காலியான ஒரு தாங்கிக்காக ஒரு தொழில்நுட்பமே பழி சுமந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடக்கின்றது. யப்பானில் இத்தகைய கார்களுக்கு ஊற்றுவது அண்ணளவாக 100 ஒக்டேன் பெற்றோல். இங்கே பரவலாகக் கிடைப்பவை 92உம் 95உம். விலைக்குப் பயந்து 92 ஊற்றினால், எஞ்சினில் அகாலமாய் எழும் தட்டலைச் சென்சர் கேட்டு, கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளிவிடும். எஞ்சின் பிழைக்கும், வலு குறையும். இங்கே பழுதான உதிரிப்பாகம் என்று எதுவுமே இல்லை. எதை மாற்றுவீர்கள்?

ஆகவே டர்போ கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நானாவின் ஒழுங்கையே பரிந்துரைக்கின்றேன். முதலில் எரிபொருளையும் எயார் பில்டரையும் பாருங்கள். பிறகு குழாய்களையும் கிளிப்புகளையும், குறிப்பாகக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கங்களை. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்குச் செல்லும் பென்சில் பருமனான சிறு குழாய்களை மறவாதீர்கள். அழுத்தமானி உரிய அளவைக் காட்டியும் கார் இழுக்கவில்லை என்றால், தேடவேண்டிய திசையே வேறு. பிளக் தேய்ந்து, அதன் இடைவெளி கூடியிருக்கலாம். அடர்ந்த காற்றில் தீப்பொறி பாய்வது கடினம். பெற்றோல் பம்ப் களைத்திருக்கலாம். புகைபோக்கியில் உள்ள கற்றலிட்டிக் கொன்வேர்ட்டர் அடைத்திருக்கலாம். கொழும்பு நெரிசலில் ஊர்ந்த பின்னர் மாத்திரம் இழுவை குறைந்து, சற்று ஓடியதும் திரும்புகின்றதா? எஞ்சினின் மேலிருக்கும் இன்டர்கூலர் சூடேறிவிட்டது, அது நோயல்ல. இவையெல்லாம் முடிந்த பின்னரே டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த மெக்கானிக்குகள் ஏன் அருகிப் போனார்கள்? இங்கேதான் நான் சொல்லவந்த முதன்மையான கருத்து இருக்கின்றது. குற்றம் அவர்களிடம் மட்டுமல்ல, நம்மிடமும் இருக்கின்றது.

நாம் பொருளுக்குப் பணம் கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்கமாட்டோம். ஓர் இலட்சம் ரூபாவுக்கு உதிரிப்பாகம் பூட்டினால் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் செலுத்துகின்றோம். இரண்டு மணித்தியாலம் தேடி, இருநூறு ரூபாக் கிளிப்பை இறுக்கி, நாலாயிரம் கேட்டால், "ஒரு கிளிப்புக்கு நாலாயிரமா?" என்று சண்டைக்குப் போகின்றோம். இந்த நிலையில் கராஜ்காரர் என்ன கற்றுக்கொள்வார்? தேடினால் நட்டம், மாற்றினால் இலாபம் என்பதைத்தானே? வாடகையும் மின்கட்டணமும் அவருக்கும் இருக்கின்றன. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் நம்மவர்கள், பழுதைக் கண்டறிவதற்கே தனிக் கட்டணம் கேட்கின்றார்கள் என்று அடிக்கடி முறையிடக் கேட்டிருக்கின்றேன். அந்தக் கட்டணத்தை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கின்றேன். அது தேடுவதற்கான கூலி. அந்தக் கூலி மறுக்கப்படும் இடத்தில் தேடல் நின்றுபோகும். நானாவைப் போன்றவர்களின் பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதில் வியப்பு ஏதுமில்லை.

கட்டணம் கேட்கும் எல்லோரும் ஒழுங்காகத் தேடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். அதனால்தான் நாமும் கேட்கப் பழகவேண்டும். எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? என்ன சோதனை செய்தீர்கள்? காட்டமுடியுமா? இம்மூன்று கேள்விகளுக்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. கலைப் பட்டமே தாராளமாகப் போதும்.

வேலை முடிந்ததும் நானா குழாயின் விலையையும் கூலியாக மிகச் சிறிய தொகையையும் கேட்டார். மருமகன் அதைக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தான். நான் அவனைத் தடுத்து, தேடியதற்கும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். நானா முதலில் மறுத்தார். "இது பாத்ததுக்கு, நானா," என்றேன். சற்று யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது, கழற்றிய அந்தக் கிழிந்த குழாயைப் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றில் சுற்றி மருமகனின் கையில் திணித்தார். "பழசக் கேட்டு வாங்கிட்டுத்தான் போகணும் மகன்," என்றார். சங்கிலி இன்னமும் அடகுக் கடையில்தான் இருக்கின்றது. குழாய் மாத்திரம் வீட்டில் பத்திரமாக இருக்கின்றது.